ஒரு புள்ளிக்குப் பட்ட பாடு

மகன் கேட்டது ஒரே ஒரு சொல்தான். கறுப்பு டீசர்ட்டின் நெஞ்சில் இளஞ்சிவப்பு நூலால் ‘பலெர்மோ’ என்று தமிழில் தைத்துத் தர வேண்டும். பலெர்மோ கால்பந்துக் கழகத்தின் நிறம் 1907இலிருந்து இளஞ்சிவப்பும் கறுப்பும். மீசை முளைத்த ஆண்பிள்ளைகள் ரோஸ் சட்டை போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தித் திரிகிற ஊர் இது. வகுப்பில் எல்லாரிடமும் அந்தச் சட்டை இருக்கிறது, தமிழில் எழுதிய சட்டை ஒருவரிடமும் இல்லை. அவனுடைய கணக்கு அது.

நான்கு எழுத்து. யாரோ பாவித்துக் கழித்த எம்பிராய்டரி மெசின் ஒன்றை வாங்கி அப்போது இரண்டு கிழமை ஆகியிருந்தது. ஒற்றை ஊசி, பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் ஃப்ரேம். யூஎஸ்பியில் டிசைனை ஏற்றிப் பொத்தானை அமுக்கினால் தானே தைக்கும். கால் மணி நேர வேலை என்று நினைத்தேன். ‘ப’ அழகாக விழுந்தது. ‘லெ’யின் கொம்புச் சுழியில் மெசின் கொஞ்சம் முனகியது. ‘ர்’ வந்ததும், புள்ளி வைக்கப் போன ஊசி ஒரே இடத்தில் நின்று டக் டக்கென்று குத்தியது. அடியில் நூல் சிக்காகச் சேர்ந்து துணியை உள்ளே இழுத்தது. நிறுத்திச் சிக்கை வெட்டி எடுத்துப் பார்த்தால், புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் புள்ளியளவு ஓட்டை. எப்படியோ ஒப்பேற்றி ‘மோ’வையும் தைத்து முடித்தேன். அது வரிசையை விட்டு இறங்கி நின்றது. ஒரு தரம் கழுவிக் காயப்போட்டதும் எழுத்தெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரிச் சுருண்டன.

மெசினில் பிழை இல்லை. நூலிலும் பெரிய பிழை இல்லை. துணிக்கு அடியில் நான் வைத்திருந்தது இரண்டு போட்டோக்கொப்பித் தாள்.

அதற்கும் காரணம் உண்டு. இந்த வேலைக்கென்று அடியில் வைக்கிற துணியை ஸ்டெபிலைசர் என்பார்கள். தமிழ்நாட்டு எம்பிராய்டரிக்காரர்கள் பேச்சில் அது வெறும் ‘பேப்பர்’. யூடியூப்பில் ஒரு தம்பி “கீழ ஒரு பேப்பர் வெச்சுக்கோங்க” என்றார். நான் பேப்பர் வைத்தேன்.

பலெர்மோவிலிருந்து கிழக்கே ரயிலில் கால் மணி நேரம் வந்தால் நாங்கள் இருக்கிற பகேரியா. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பலெர்மோப் பிரபுக்கள் வெயில் காலத்துக்கென்று மாளிகை கட்டிக்கொண்ட ஊர். அவற்றில் பேர்பெற்றது 1715இல் தொடங்கிய வில்லா பலகோனியா. அதன் மதில் நீளத்துக்கும் கல்லில் பூதங்கள். 1787இல் இதைப் பார்க்க வந்த ஜெர்மன் கவி கதே முகம் சுளித்துக்கொண்டு போனார். கோயில் கோபுரம் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அதில் சுளிக்க ஒன்றுமே இல்லை. கொஞ்சம் வர்ணம் அடித்திருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஓவியர் குத்தூசோ பிறந்ததும், ‘சினிமா பாரடைசோ’ எடுத்த தொர்னத்தோரே பிறந்ததும் இங்கேதான்.

எங்கள் ஆட்கள், இலங்கைத் தமிழர், 1980களிலிருந்து பலெர்மோவுக்கு வந்தவர்கள். இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பெரும்பாலும் வீட்டு வேலை, முதியோரைப் பார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் சைவக்காரர், வேதக்காரர் என்ற பேதம் இல்லாமல் பெல்லெகிரினோ மலையேறிச் சாந்தா ரொசாலியாவைக் கும்பிட்டு வருவார்கள். 1624இல் கொள்ளைநோயிலிருந்து நகரத்தைக் காப்பாற்றியவள் என்று பலெர்மோ நம்புகிற புனிதை அவள். ரோசாப்பூ முடி சூடிய அவளுடைய படம் பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருக்கிற சாமித் தட்டுகள் இந்த ஊரில் நிறைய. நானும் பகலில் வீடுகள் துடைக்கிறவள்தான். தையல் இரவில்.

அம்மாவிடம் கால்மிதி சிங்கர் இருந்தது. சிங்கர் கம்பனி கொழும்புக்கு வந்தது 1877இல். அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் எத்தனை வீட்டு விறாந்தைகளில் அந்தக் கறுப்பு மெசின் உட்கார்ந்தது என்பதற்குக் கணக்கில்லை. பூத்தையல் போடுகிற நாளில் அம்மா மெசினின் பாதத்தைக் கழற்றுவா. துணியை இழுக்கிற பல்லைக் கீழே இறக்குவா. துணியை மரவளையத்தில் இறுக்கி, இரண்டு கையாலும் வளையத்தை அசைத்து ஊசியின் கீழே ரோசாவை வரைவா. இன்றைய கம்ப்யூட்டர் மெசின் செய்வதும் இதைத்தான். ஊசி நின்ற இடத்தில் குத்தும், ஃப்ரேம் நகரும். அம்மாவின் கை செய்த வேலையை இரண்டு மோட்டார் செய்கின்றன.

அவ துணிக்கு அடியில் பழைய வொயில் துண்டு ஒன்றையும் சேர்த்து வளையத்தில் போடுவா. ஏன் என்று கேட்டதற்கு, “குலை தள்ளின வாழைக்கு முட்டுக் குடுக்கிறேல்லையோ, அது மாதிரி” என்றா. அப்போது விளங்கவில்லை. டீசர்ட் சுருண்ட அன்று விளங்கியது. ஸ்டெபிலைசர் என்ற சொல்லுக்கு ‘முட்டு’ என்பதைவிட நல்ல தமிழ் எனக்குத் தெரியாது.

முட்டு எதற்கு? தையல் என்றால் இழுப்பு. மேல் நூல் ஒரு பக்கம் இழுக்கும், பாபின் நூல் மறுபக்கம் இழுக்கும். நடுவில் மாட்டிய துணி ஒவ்வொரு குத்துக்கும் மயிரிழையளவு சுருங்கும். சட்டைக்குப் பொத்தான் தைக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உள்ளங்கையளவு நிரப்பித் தைத்த பூவில் பத்தாயிரம் குத்து இருக்கும். பத்தாயிரம் மயிரிழைகளைக் கூட்டிப் பாருங்கள். தையல் ஓடுகிற திசையில் உருவம் ஒடுங்கும், அதற்குக் குறுக்கே பிதுங்கும். வட்டம் தைத்தால் முட்டை வரும். இந்த இழுப்பைத் துணி தனியாகத் தாங்காது, அடியில் ஒன்று கூட நின்று தாங்க வேண்டும். காகிதம் முதல் ஆயிரம் குத்தில் தபால் முத்திரை ஓரம் மாதிரித் துளைபட்டுக் கிழிந்துவிடும். ஊசியையும் மழுக்கிவிடும்.

பிழை தெரிந்த பிறகு செய்தது இரண்டாவது பிழை. பலெர்மோவில் ஊசி, நூல், லேஸ், பொத்தான் விற்கிற சின்னக் கடைகளை மெர்ச்செரியா என்பார்கள். அப்படி ஒரு கடையில் போய், அடியில் வைக்க வெள்ளையாக ஒன்று வேண்டும் என்று எனக்குத் தெரிந்த இத்தாலியில் சொன்னேன். ஃபிளிசெலீனா தந்தார்கள். அது கொலருக்கும் கைப்பட்டிக்கும் இஸ்திரி போட்டு ஒட்டுகிற கன்வஸ். கொலரை விறைப்பாக நிறுத்த அது போதும், பத்தாயிரம் குத்துத் தாங்க அது பிறக்கவில்லை. கடைக்காரர் மேல் குற்றம் சொல்ல முடியாது, நான் கேட்டதைத்தான் தந்தார்.

கடைசியில் பிடிபட்டது இதுதான். முட்டு என்பது ஒரு பொருள் அல்ல, ஒரு குடும்பம். தையல் முடிந்த பிறகு அதை என்ன செய்கிறோம் என்பதை வைத்துத்தான் பேர். வெட்டி எடுக்கிற வகை கட்-அவே. கிழித்து எடுக்கிற வகை டியர்-அவே. தண்ணீரில் கரைகிற வகை வாஷ்-அவே. கழுவ முடியாத வெல்வெட் போன்ற துணிக்குச் சூட்டில் உதிர்கிற வகையும் உண்டு. எனக்கு அது இன்றுவரை தேவைப்படவில்லை.

இழுபடுகிற துணி எதுவானாலும் கட்-அவே. டீசர்ட், பெனியன், ஸ்வெட்டர், ஒரு நூல் இன்னொன்றைக் கொக்கிபோட்டுப் பிடித்திருக்கிற பின்னல் துணி எல்லாமே இதில் சேரும். இது கிழியாத நான்வோவன் துணி. தைத்து முடித்ததும் டிசைனைச் சுற்றி அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டிவிட வேண்டும். தையலுக்கு அடியில் உள்ளது சட்டை கிழிகிற நாள் வரைக்கும் அங்கேயே கிடக்கும். அதுதான் அதன் வேலை. துவைக்கும்போதும் உடுக்கும்போதும் துணி இழுபட்டுக்கொண்டே இருக்கும், முட்டை எடுத்துவிட்டால் வாழை விழும். திருப்பூர் டீசர்ட் எதையாவது உள்ளே திருப்பி நெஞ்சு முத்திரைக்குப் பின்னால் பாருங்கள், அந்த வெள்ளைத் துண்டு இருக்கும். பிள்ளைகளுக்கு அரிக்கும் என்று சிலர் அதை முழுவதும் பிய்த்து எடுக்கப் பார்ப்பார்கள். பிய்க்காதீர்கள். அதன் மேல் மெல்லிய மென்துணி ஒன்றை இஸ்திரி போட்டு ஒட்டினால் போதும்.

அசையாத நெய்த துணிக்கு, அதாவது மேசைவிரிப்பு, தலையணை உறை, தடித்த பருத்தி, டெனிம் போன்றவற்றுக்கு, டியர்-அவே போதும். நல்லதா என்று பார்க்க ஒரு துண்டை நீளவாக்கில் கிழியுங்கள், பிறகு குறுக்கே கிழியுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சுகமாகக் கிழிந்தால் வாங்கலாம். ஒரு பக்கம் கிழிந்து மறுபக்கம் இழுத்தால், பிய்க்கும்போது தையலையும் சேர்த்து இழுக்கும். பிய்க்கும்போது இடது கைப் பெருவிரலால் தையலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் மெல்லப் பிய்க்க வேண்டும். தடித்த தாள் ஒன்று வைப்பதைவிட மெல்லிய தாள் இரண்டு வைத்து ஒவ்வொன்றாகப் பிய்ப்பது தையலுக்கு நல்லது.

வாஷ்-அவே விளையாட்டுக்காரி. பொலித்தீன் மாதிரி இருக்கும், விரலை நனைத்துத் தொட்டால் ஒட்டும், தண்ணீரில் போட்டால் காணாமல் போகும். பொலிவினைல் அல்ககோல் என்ற பொருளில் செய்வது. துவாய்க்கு இது அடியில் அல்ல, மேலே வேண்டும். துவாயின் நூல் வளையங்களுக்குள் தையல் புதைந்து போகாமல் பிடித்துக்கொள்ளும். அடியில் துணியே இல்லாமல் இதன் மேல் தைத்துக் கரைத்துவிட்டால் மிஞ்சுவது லேஸ். இது புதுப் புத்தி அல்ல. சுவிட்சர்லாந்தின் சென் காலனில் 1880களிலேயே பட்டின் மேல் பருத்தி நூலால் தைத்து, பட்டை இரசாயனத்தில் கரைத்து லேஸ் செய்தார்கள். அதே வட்டாரத்தில்தான் 1863இல் இசாக் குரோப்லி ஷிஃப்லி மெசினைக் கண்டுபிடித்தார். ஷிஃப்லி என்றால் சின்னப் படகு, உள்ளே ஓடுகிற நாடாவின் வடிவம் அது. முதல் உலகப் போருக்கு முன்னால் சுவிசின் மிகப் பெரிய ஏற்றுமதி கடிகாரமும் அல்ல, சொக்லேட்டும் அல்ல, பூத்தையல். சூரிச்சில் இருக்கிற என் மச்சாளுக்கு இதைச் சொன்னபோது நம்பவில்லை.

வாஷ்-அவேயை இறுக்கி மூடிய பையில் வைத்திருங்கள். ஆபிரிக்காவிலிருந்து சிரோக்கோ காற்று அடிக்கிற நாளில் இங்கே அது உலர்ந்து நொறுங்குகிறது. யாழ்ப்பாணத்து மாரியிலோ சென்னையின் ஐப்பசியிலோ திறந்து வைத்தால் பிசுபிசுத்துச் சுருளும்.

ஃப்ரேமில் போடுவது பாதி வேலை. விரலால் தட்டினால் மேளம் மாதிரிச் சத்தம் வர வேண்டும் என்பார்கள். நெய்த துணிக்கு அது சரி. டீசர்ட்டை அப்படி இழுத்து மாட்டினால், ஃப்ரேமிலிருந்து எடுத்ததும் துணி பழைய அளவுக்குத் திரும்பும், தையல் திரும்பாது. அப்பளம் பிறக்கிற இடம் அதுதான். அதனால் கட்-அவேயை மட்டும் மேளமாக இறுக்குங்கள். அதன் மேல் ஒட்டுகிற ஸ்பிரே கொஞ்சம் அடித்து, டீசர்ட்டை இழுக்காமல் படுக்க வைத்து, சுற்றி ஒரு நூலோட்டம் போட்டுவிட்டால் அசையாது.

இனி நூல். சந்தையில் ஐந்து யூரோவுக்குப் பத்து உருளை வாங்கியவள் நான், அதனால் கொஞ்சம் கசப்போடுதான் சொல்வேன். நூலை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பூனைக்குட்டி மயிர் மாதிரிப் பஞ்சு தெரிந்தால் அது சாதாரணத் தையல் நூல். சட்டை தைக்கலாம், மெசினில் பூத்தைக்க முடியாது. நிமிடத்துக்கு நானூறு, அறுநூறு குத்துப் போகிற வேகத்தில் அந்தப் பஞ்செல்லாம் பாபின் கூட்டுக்குள் இறங்கி மெத்தை கட்டும். பூத்தையல் நூல் வழுவழுவென்று ஒரே சீராக இருக்கும். இரண்டு முழம் இழுத்து விட்டால் அடக்கமாகக் கீழே தொங்கும், முறுக்கிச் சுருளாது.

அதில் இரண்டு சாதி. ரேயான் மரக்கூழிலிருந்து வருவது. பட்டு மாதிரி மென்மையான மினுக்கம், துணியில் மெத்தென்று படுக்கும், கண்ணுக்கு அழகு. நனைந்தால் பலம் குறையும். பொலியெஸ்டர் அதைவிட உறுதி. எம்பிராய்டரிக்கென்று வருவதன் இழை வெட்டுமுகத்தில் மூன்று மூலையாக இருக்கும், மூலைகளில் ஒளி தெறித்துத்தான் அந்தப் பளபளப்பு. எது நல்லது என்று கேட்டால், எங்கே போடுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். வேலைக்குப் போடுகிற மேலங்கியில் என் பேரை நீல ரேயானில் தைத்துப் பெருமையாகப் போனேன். இங்கே குளியலறை கழுவ கந்தெஜ்ஜீனா பாவிப்பார்கள், நம்மூர் பிளீச்சிங் வகைதான். இரண்டு முறை தெறித்ததில் என் பேர் பாதி வெளுத்துவிட்டது. பொலியெஸ்டர் அதைத் தாங்கும். பள்ளிச் சீருடை, துவாய், வேலை உடுப்பு எல்லாம் பொலியெஸ்டரில். வருடத்துக்கு இரண்டு தரம் பெட்டியைத் திறந்து உடுக்கிற சட்டைக்கு ரேயான். தொடங்குகிறவர் ஒன்றே ஒன்று வாங்குவதானால் பொலியெஸ்டர் வாங்கட்டும்.

உருளையின் மேல் 40 என்று போட்டிருக்கும். ஒரு கிலோ நூல் எத்தனை கிலோமீட்டர் நீளும் என்ற கணக்கிலிருந்து வந்த எண் அது, ஆகவே எண் கூடக் கூட நூல் மெலியும். கடையில் கிடைக்கிற டிசைன்களில் பெரும்பாலானவை 40க்குக் கணக்குப் பண்ணியவை. 60 பொடி எழுத்துக்கு. ஊசியிலும் 75/11 என்று இரண்டு எண் இருக்கும். 75 என்றால் ஊசியின் தடிப்பு முக்கால் மில்லிமீட்டர், 11 அதற்கு அமெரிக்கக் கணக்கு. 40 நூலுக்கு 75/11, 60 நூலுக்கு 65/9. பின்னல் துணிக்கு முனை உருண்ட ஊசி. அது நூலை அறுக்காமல் ஒதுக்கிவிட்டு இறங்கும். எட்டு மணி நேரம் தைத்தால் ஊசியை மாற்றிவிடுங்கள், கூர் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். நூல் அடிக்கடி அறுந்தால் டென்ஷன் திருகில் கை வைக்கிறதுதான் எல்லாருக்கும் முதல் புத்தி. முதலில் நூலைக் கழற்றித் திரும்பக் கோத்துவிடுங்கள், பிறகு ஊசியை மாற்றுங்கள். திருகு கடைசியில்.

பாபினுக்கு மேல் நூலைச் சுற்ற வேண்டாம். அதற்கென்று மெல்லிய நூல் உண்டு, 60 அல்லது 90. வெள்ளையும் கறுப்பும் இருந்தால் காலம் போகும். தைத்ததைத் திருப்பிப் பார்த்தால், அகலமான தையலின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு பாபின் வெள்ளை தெரிய வேண்டும், இரண்டு கரையிலும் மேல் நூலின் நிறம். வெள்ளையே தெரியாவிட்டால் மேல் நூல் தளர்வு. வெள்ளை முன்பக்கம் எட்டிப் பார்த்தால் மேல் நூல் இறுக்கம். ஆயிரம் குத்துக்குச் சுமார் ஐந்து மீட்டர் மேல் நூல் போகும். பத்தாயிரம் குத்துப் பூவுக்கு ஐம்பது மீட்டர். ஆயிரம் மீட்டர் உருளை ஒன்றில் இருபது பூ. அந்தக் கணக்கில் நல்ல நூலின் விலை ஒரு பூவுக்குச் சில்லறைக் காசுதான்.

பொன் நூல் தனிக் கதை. பலெர்மோவில் ஒரு சாமத்திய வீட்டுக்குச் சாறி பிளவுஸ் கழுத்தில் ஜரிகை நிறத்தில் மாங்காய் வரிசை கேட்டார்கள். மூன்று மாங்காய்க்குள் நூல் பதினொரு தரம் அறுந்தது. பட்டில் பிரித்துத் திரும்பத் தைக்கவும் முடியாது, ஊசி போன துளை அப்படியே நிற்கும். மெசினில் நூலின் ஒவ்வொரு துண்டும் துணியில் போய்ப் படுக்கும் முன் ஊசிக் கண் வழியே மேலும் கீழும் பல தரம் உரசிப் போகிறது. பொன் நூல் என்பது நடுவில் ஓர் இழை, சுற்றிலும் மினுங்குகிற மெல்லிய தகடு. உரசலில் தகடு உரியும், உரிந்தது ஊசிக் கண்ணில் அடைக்கும், அறும்.

இதே சிக்கலை அந்த ஊர் ஏறக்குறைய தொள்ளாயிரம் வருடங்களுக்கு முன்பே தீர்த்திருக்கிறது. நோர்மன் அரசன் இரண்டாம் ரொஜரின் பலெர்மோ அரண்மனைப் பட்டறையில் ஒரு மேலங்கி செய்தார்கள். சிவப்புப் பட்டு, அரைவட்டம், அகலம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். நடுவில் மரம், இரண்டு பக்கமும் ஒட்டகத்தை அடித்து வீழ்த்துகிற சிங்கம், சுற்றி முத்து. கரையில் அரபு எழுத்தில் செய்த ஊரும் ஆண்டும் தைத்திருக்கிறது. ஹிஜ்ரி 528, நம் கணக்கில் 1133-34. 1194இல் சிசிலியைப் பிடித்த ஜெர்மன் அரசன் ஆறாம் ஹென்றியின் கைக்குப் போய், பேரரசர்களின் முடிசூட்டு உடையாகி, இப்போது வியன்னாவின் அரச கருவூலத்தில் இருக்கிறது. இத்தாலியில் பூத்தையலுக்குச் சொல்கிற ‘ரிக்காமோ’வே அரபிலிருந்து வந்த சொல்தான்.

அந்தச் சிங்கத்தில் பொன் இழை ஊசிக் கண் வழியே போவதில்லை. மேலே படுத்திருக்கிறது, பட்டு நூல் அதைக் குறுக்கே குத்திப் பிடித்திருக்கிறது. நம்மூர் சர்தோசிக்காரர் செய்வதும் அதுவே. பொன்னை ஊசிக் கண் வழியே இழுக்காதே என்பதுதான் சூத்திரம். மெசினிலும் அதற்கு வழி உண்டு. பொன் நூலைப் பாபினில் சுற்றி, துணியைக் கவிழ்த்துப் போட்டு, டிசைனைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பித் தைக்க வேண்டும். பாபின் நூல் ஊசிக்குள் போவதே இல்லை, மேல் நூல் வந்து அதைப் பிடித்துக்கொண்டு போகும். கோட்டு வேலைக்கு இது அழகாக வரும். மாங்காயை நிரப்ப வேண்டுமென்றால், அகன்ற கண்ணுள்ள 90/14 ஊசி போட்டு, வேகத்தை மெசின் இறங்குகிற அளவுக்கு இறக்கி, நூல் உருளையை மெசினிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்து முறுக்கு அவிழ இடம் கொடுங்கள். நாலாவது மாங்காயிலிருந்து அப்படித்தான் ஓட்டினேன். முதல் மூன்றுக்கு மேல் முத்து தைத்து மறைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

ஆரி வேலை போதுமே, மெசின் எதற்கு என்று தமிழ்நாட்டு வாசகர்கள் கேட்கக்கூடும். ஆரியையும் மெசின் விடவில்லை. 1865இல் பிரான்சில் அந்துவான் பொன்னாஸ் செய்த மெசின், கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போடுகிற ஆரிதான், கைப்பிடியைச் சுற்றித் திசை மாற்றலாம். கோர்னெலி என்ற பேரில் அது உலகம் சுற்றியது. ஜப்பானில் தஜிமா 1964இல் பல தலை மெசினைக் கொண்டுவந்த பிறகு ஒரே பூவை ஒரே நேரத்தில் பல துணிகளில் தைக்கிற காலம் வந்தது. அந்தக் கம்பனியின் டிஎஸ்டி கோப்பு இன்று ஊரெல்லாம் ஓடுகிறது. அதில் குத்து இருக்கும், நிறம் இருக்காது. ரொசாலியாவுக்கு நான் இறக்கிய முதல் ரோசா திரையில் பச்சைப் பூவும் நீல இலையுமாக வந்தபோது மெசின் கெட்டுவிட்டது என்று அழாக்குறை.

திரும்பவும் அந்த ‘ர்’. என் மெசினுக்குள் இருக்கிற எழுத்தெல்லாம் ஆங்கில எழுத்து. தமிழுக்கு நாமே பஞ்சிங் செய்ய வேண்டும். படத்தைத் தையலாக மாற்றுகிற வேலைக்கு இன்னும் அந்தப் பேர், அட்டையில் துளை போட்டு மெசினுக்குச் சொன்ன காலத்தின் மிச்சம். எழுத்துருவைக் கொடுத்தால் தானே மாற்றித் தருகிறோம் என்று மென்பொருள்கள் சொல்லும். அவற்றுக்குத் தமிழ் தெரியாது. ‘லெ’யின் கொம்பில் உள்ளே ஒரு குட்டிச் சுழி இருக்கிறதே, அதன் உள்வளைவில் எல்லாத் தையலும் ஒரே புள்ளியில் வந்து குவியும். வழக்கமாகத் தையலுக்குத் தையல் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி; உள்வளைவில் ஒன்றுவிட்டு ஒன்றைக் குட்டையாக்கினால்தான் கட்டி தட்டாது. சுழியின் கண்ணைக் கணினித் திரையில் அழகாகத் தெரிவதைவிடப் பெரிதாகத் திறந்து வைக்க வேண்டும், நூல் அதை மூடிவிடும். எழுத்தின் கோடு ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்தால் தையல் நிற்காது. எழுத்து ஒன்றரை சென்டிமீட்டர் உயரமாவது இருக்கட்டும்.

ஆங்கிலத்திலும் ஐ-க்குப் புள்ளி உண்டு, அதில் என்ன புதுமை என்று கேட்கலாம். அவர்களுக்குச் சொல்லுக்கு ஒன்று வந்தால் அதிகம். நமக்கு ‘கண்ணன்’ என்று தைக்கவே இரண்டு வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வட்டத்தை மென்பொருள் நிரப்பச் சொன்னால் ஊசி ஒரே துளையில் முப்பது தரம் இறங்கும். பின்னல் துணியில் அது ஓட்டை போடுகிற வேலை. புள்ளியை இரண்டு மில்லிமீட்டராக்கி, முதலில் நடுவில் சிலுவையாக நாலு குத்து, அதன் மேல் எட்டே எட்டுக் குத்தில் குறுக்கே ஒரு மூடல். ஆறு தரம் பழைய பெனியனில் ஒத்திகை பார்த்தேன்.

இரண்டாவது டீசர்ட்டுக்குக் கட்-அவே, உருண்ட முனை ஊசி, 40 பொலியெஸ்டர் என்று எல்லாம் முறைப்படி. கீழ் வீட்டு சின்யோரா அன்று மேலே வந்தா. மெசின் இரவில் மேசையோடு சேர்ந்து ஆடுகிறது, தன் கட்டிலுக்கு மேலே சத்தம் என்று ஒரு முறை முறைப்பாடு சொல்லி, நான் அடியில் ரப்பர் விரிப்புப் போட்ட பிறகு சிநேகமானவ. எண்பது வயது. கலியாணத்துக்குக் கொண்டுவந்த கொர்ரேதோ, அதாவது பெண் சீராகக் கொண்டுவருகிற துணிமணி, இன்னும் பெட்டியில் இருக்கிறது. லினன் துணியில் நூலை உருவி எடுத்துவிட்டு, மிஞ்சிய நூலில் பூ கட்டுகிற சிசிலிய வேலை. எல்லாம் கையால்.

டீசர்ட்டை வாங்கியதும் எழுத்தைப் பார்க்கவில்லை. உள்பக்கம் திருப்பினா. வெள்ளைத் துண்டை நகத்தால் சுரண்டி, இது என்ன, ஏன் வெட்டாமல் விட்டாய் என்று கேட்டா. முட்டு என்பதை இத்தாலியில் சொல்லத் தெரியாமல் ஜன்னலுக்கு வெளியே எலுமிச்சை மரத்துக்குக் கொடுத்திருந்த கம்பைக் காட்டினேன். தலையாட்டினா. பிறகு முன்பக்கம் திருப்பி ‘ர்’ஐத் தொட்டுப் பார்த்தா. புள்ளி இந்த முறை ஓட்டையாகவில்லை, ஆனால் வட்டமாகவும் இல்லை. அரிசி மணி மாதிரிச் சரிந்திருந்தது.

“இது வேண்டும்தானா?”

இல்லாவிட்டால் ‘பலெரமோ’ என்று வாசிக்கும் என்றேன். ஊர்ப் பேர் கெடும் என்று தெரிந்ததும் அவவுக்குப் பொறுக்கவில்லை. கத்தரியின் நுனியால் என் எட்டுக் குத்தையும் சிலுவையின் நாலு குத்தையும் ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தா. கைப்பையிலிருந்து ஊசி எடுத்து, என் உருளையிலிருந்தே இளஞ்சிவப்பு நூலை மூன்று மடிப்பாகக் கோத்து, ஊசியில் இரண்டு சுற்றுச் சுற்றி, கட்-அவேயையும் சேர்த்துக் குத்தி இழுத்து ஒரு முடிச்சு வைத்தா. குட்டி மிளகு மாதிரி உருண்டையாக நின்றது.

மகன் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு மட்ச் பார்க்கப் போய்விட்டான். அன்றைக்குப் பலெர்மோ வென்றதா என்று நான் கேட்கவில்லை. வந்ததும் சட்டையைக் கழற்றச் சொல்லி, திருப்பிப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் ஊற வைத்தேன்.